பிரதானி கண்ட மூன்று அடையாளம்

ரொம்ப நாளைக்கு முன்னால் ஆம்பல் நாட்டை நெடுவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். ஒரு நாள் அவன் பல்லக்கில் போகும்போது கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"ராஜாவைப் பார்த்துச் சிரிக்கிறவன் பைத்தியமாகத்தான் இருப்பான். நாட்டிலுள்ள பைத்தியங்களை எல்லாம் பழைய குதிரை லாயத்தில் அடைத்துவையுங்கள்!" என்று உத்தரவிட்டான்.

"யார் பைத்தியம் என்று எப்படித் தீர்மானிப்பது, மகாராஜா?" என்றார் அரண்மனை வைத்தியர்.

ராஜா வைத்தியரையே திரும்பிப் பார்த்தான். அந்தப் பொறுப்பு வைத்தியருக்குப் போய்விடுமோ என்று தலைமை மந்திரியான பிரதானி குணபூஷணத்துக்குப் பொறுக்கவில்லை. முந்திக்கொண்டு எழுந்தான்.

"இது என்ன பிரமாதம்? மூன்று அடையாளம் போதும். தனியாகப் பேசுகிறவன், காரணமில்லாமல் சிரிக்கிறவன், ஊரார் செய்யாததைச் செய்கிறவன்!"

பத்தே நாளில் லாயம் நிரம்பியது. மாட்டோடு பேசிய பால்காரி, நடந்துகொண்டே பாட்டுக் கட்டிய புலவன், கூடவே சிலம்பாயி.

சிலம்பாயியின் புருஷன் செம்பான், ஆற்றில் ஓடம் விட்டவன். தம்பியை வெள்ளம் கொண்டுபோன நாளிலிருந்து, ஆறு மாசமாக, துடுப்பைத் தொடவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பான். அவன் பதில் சொல்லாததால் இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசுவாள்.

"குழம்பு எப்படி இருக்கு?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

"அப்போ நாளைக்கு நீங்களே வைங்க!"

வாசலில் நின்று கேட்ட சேவகர்கள் அவளை இழுத்துப் போனார்கள். செம்பானைத் தொடவில்லை. அவன்தான் பேசவுமில்லை, சிரிக்கவுமில்லையே! பிரதானியின் கணக்கில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

ஊட்டிவிட ஆளில்லாமல் மனுஷன் என்ன ஆவாரோ என்று அவளுக்கு லாயத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ராஜாவிடம் முக்கியமான சேதி சொல்லணும் என்று காவல்காரனைக் கெஞ்சி, மறுநாளே சபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராஜா, ஒருத்தரைப் பிடிக்காம விட்டுட்டாங்க. தினமும் காலையில ஒரு கல்லு முன்னால உட்கார்ந்து தனியாப் பேசுறாரு."

"முதல் அடையாளம்!" என்றான் குணபூஷணம்.

"யாரும் ஒண்ணும் சொல்லாமலே நடுச்சபையில சிரிக்கிறாரு."

"இரண்டு!"

"ஊரே துண்டு கட்டிக்கிட்டுத் திரியிற கொளுத்துற வெயில்ல, தலையில பொன்னைச் சுமந்துக்கிட்டுத் திரியிறாரு."

"மூன்று! முற்றிய பைத்தியம். உடனே விலங்கு மாட்டுங்கள்! எங்கே அவன்?"

"நீங்களே மாட்டுங்க, ஐயா. அதோ, வெண்கொற்றக் குடைக்குக் கீழே இருக்காரு."

குணபூஷணம் நாக்கைக் கடித்துக்கொண்டான். சிவந்த முகத்தோடு ராஜா வாளின் மேல் கை வைத்தான். வைத்த கை மெல்ல வயிற்றுக்கு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பூஜையறையையும் விட்டுவைக்கவில்லையே நீ! சரி அம்மா, எதுதான் அடையாளம்?"

"பார்க்கிறவங்களுக்கு விநோதமா இருக்கான்னு பார்க்காதீங்க, மகாராஜா. அவங்களுக்கு வேதனையா இருக்கா? சோறு, தூக்கம், வேலை கெட்டுப்போச்சா? எத்தனை நாளா? யாருக்காவது ஆபத்தா? இதைக் கேளுங்க. பால்காரி மாட்டோட பேசுறா, பாலும் கறக்குறா. ஓடம் விடுற என் புருஷன், தன் தம்பியை வெள்ளம் கொண்டுபோன நாள்லேர்ந்து பேசலை. பட்டினி கிடக்குறாரு."

"அது பேய்" என்றார் புரோகிதர். "சோம்பல்" என்று முணுமுணுத்தான் குணபூஷணம்.

வைத்தியர் தலையை ஆட்டினார். "துக்கமும் இருக்கும், உடம்புக் கோளாறும் சேர்ந்திருக்கும். ஆளைப் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது. நோய்க்குப் பெயர் வைப்பது மருந்து தேடத்தான், ஆளை அடைக்க அல்ல."

அன்றே லாயம் திறந்தது. ராஜா தன் முத்துமாலையைச் சிலம்பாயிக்குக் கொடுத்து, வைத்தியரை அவளோடு அனுப்பினான். பிரதானியைப் பார்த்தான்.

"அந்த ஓடக்காரன் எழுந்து வரும்வரை அவன் ஓடத்தை நீ ஓட்டு. சோம்பல் யாருக்கென்று தெரியட்டும்!"

வைத்தியர் தினமும் வந்தார். மருந்து கொடுத்தார்; தம்பியைப் பற்றிக் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டென்று ஒன்றும் மாறிவிடவில்லை. ஒரு மாசம் கழித்துச் செம்பான் கஞ்சியைத் தானே குடித்தான். இன்னொரு மாசத்தில் கரைவரை நடந்தான்.

அன்று நடு ஆற்றில் பிரதானியின் ஓடம் பம்பரமாகச் சுற்ற, ஏறியவர்கள் எல்லாம் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த செம்பான் எழுந்தான்.

"யோவ்! துடுப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்கே!"

சிலம்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஓடத்திலிருந்து பிரதானி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

"சாமி, வந்து சொல்லிக் கொடுங்க!"