பன்னிரண்டு தொட்டில் ராட்டினம்

"டீச்சர், இந்தப் பெருக்கல் சரியா?" என்று கேட்டார் சூசை.

முதியோர் வகுப்பில் சேர்ந்து, நாற்பத்தைந்து வயதில் வாய்ப்பாடு படித்தவர் அவர். சொல்லிக்கொடுத்த அமலோற்பவம் அவரைவிட இளையவள்.

அவள் சிலேட்டை வாங்கிப் பார்த்தாள்.

ராட்டினத்தில் பன்னிரண்டு தொட்டில். தொட்டிலுக்கு நாலு பேர். ஆளுக்கு இருபது ரூபாய். ஒரு சுற்றுக்குத் தொள்ளாயிரத்து அறுபது. மாலைக்கு முப்பது சுற்று. ஆக, இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு.

"பெருக்கல் சரிதான் அண்ணே."

"அப்போ ராட்டினத்தை வாங்கிடறேன். வீட்டுக்காரி செசிலியோட நகையை அடகு வெச்சாச்சு. இன்னிக்கு முன்பணம் குடுக்கணும்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வெறுங்கழுத்தைத் தடவிக்கிட்டே சிரிச்சா."

அமலோற்பவம் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

மாதா கோயில் திருவிழா. கடற்கரையில் அந்த ராட்டினம் நின்றது. இருவரும் ஒரு தொட்டிலில் ஏறினார்கள். அது சற்றே நகர்ந்து நின்றது. அடுத்த தொட்டிலில் ஒரு குடும்பம் ஏறியது. மறுபடி நகர்ந்தது. நின்றது.

இவர்கள் உச்சிக்குப் போனபோது அசையாமல் நின்றுவிட்டது.

கீழே விளக்குகள் ஈரக்காற்றில் கரைந்துகொண்டிருந்தன. பேண்டு வாத்தியம் ஏதோ தூரத்துக் கல்யாணத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. படகுகள் மிதப்பது கடலிலா வானத்திலா என்று தெரியவில்லை. தொட்டில் தானாக ஆடியது. சூசைக்குத் தன் கால்கள் வேறு யாருடையவையோ போலிருந்தன.

"ஏன் டீச்சர் சுத்தல?"

"ஆள் சேரணும்."

காற்று வந்தது. போனது.

"இன்னுமா சேரல?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ராட்டினக்காரர் தொண்டை கிழியக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு ஏற வந்த ஒருத்தி, அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்று தொட்டில்கள் காலியாகவே ஆடின.

"முப்பது சுத்துன்னு எழுதியிருந்தீங்களே அண்ணே, அது ஏது?"

"ராட்டினக்காரர் சொன்னார்."

"நீங்க எண்ணினீங்களா?"

சூசை சட்டைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ராட்டினம் சுற்றத் தொடங்கியது. அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். கடல் மேலே வந்தது. வானம் கீழே போனது.

இறங்கியதும் ராட்டினக்காரர் கையை நீட்டினார். "முன்பணம் கொண்டாந்தீங்களா?"

சூசை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, திருவிழா முடியற வரைக்கும் உங்ககிட்ட டிக்கெட் கிழிக்கட்டுமா?"