மேனேஜர் கடன் கேட்கப் போனார்

நைஜர் நாட்டின் தெற்குக் கோடியில் கரின்தாவா என்று ஒரு மணல் ஊர். கம்பும் வேர்க்கடலையும் விளையும். காற்று ஒரே பக்கமாக அடித்து அடித்து அங்கே ஆடுகளுக்கெல்லாம் கொம்பு மேற்கே வளைந்திருக்கும். ஆடு திரும்பி நின்றாலும் கொம்பு மேற்கேதான் பார்க்கும். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பஸ் வாரத்துக்கு ஒரு தடவை, சந்தை நாள் சாயங்காலம்.

அந்த ஊரில் ஓதிக்கொடுப்பவர் மாலம் தன்லாமி. மாலம் என்றால் அவர்கள் பேச்சில் குரு. நாற்பது வயது, நல்ல பருமன். பாடத்தின் நடுவே தூங்கிவிடுவார். அவர் விடும் குறட்டைக்கு அடுத்த ஊர்க் கழுதை பதில் சொல்லும்.

சீடர்களில் ஒருவர் ஹருணா. குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். ஊர் அவரை மேனேஜர் என்றே கூப்பிட்டது. காரணம், கிராம வங்கியை அங்கே கொண்டுவந்தவர் அவர்தான்.

வந்த புதிதில் வங்கி என்பது வேப்பமரத்தடியில் ஒரு மேசையும் ஒரு குடையும் மட்டும். அதற்கு முன்னால், வீட்டுத் தானியம் தீர்ந்துபோகும் பஞ்ச மாசத்தில் பவா என்ற வியாபாரிதான் ஒரு மூட்டை விதை கொடுப்பார். அறுவடையில் மூன்று மூட்டையாக வாங்கிக்கொள்வார். ஹருணா வேறு மாதிரி கொடுத்தார். கடன் கேட்டு வரும் பெண்களிடம் நான்கு கேள்வி கேட்பார். எதுக்கு? எப்போ திருப்புவே? மழை பொய்ச்சா என்ன செய்வே? உனக்காக நிக்க நாலு பேர் யார்? சரியாகப் பதில் சொன்னால் பணம். சொல்லாவிட்டால், அழுதாலும் கிடையாது.

வங்கி வளர்ந்தது. மேசை போய்க் கட்டடம் வந்தது. பளபளவென்று தரை போட்டதும் பெண்கள் அதைத் தொழுகிற இடம் என்று நினைத்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே கிசுகிசுவென்று பேசினார்கள். ஒருத்தி சேமிப்பைக் கட்டிவிட்டு, புண்ணியத்துக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று இரண்டு வருஷம் கேட்காமலே இருந்தாள். ஹருணா வீடு தேடிப் போய் விளக்கவேண்டியிருந்தது.

பிறகு தலைநகரத்தில் புதுச் சட்டம் வந்தது. இவ்வளவு கைமுதல் இல்லாத வங்கி நடக்கக் கூடாது. கரின்தாவா வங்கியிடம் அவ்வளவு இல்லை. சேமித்தவர்களுக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். பலகையைக் கழற்றினார்கள். கதவை மூடினார்கள்.

ஹருணாவும் தன் வீட்டுக் கதவை மூடிக்கொண்டார். விதைப்புக் காலம் நெருங்குகிறது, பெண்கள் மறுபடி பவா கடைக்குத்தான் போவார்கள், அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்று உள்ளேயே கிடந்தார். சந்தை நாள் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் சொல்லிக்கொள்ளப் போனார்.

மாலம் விழித்துத்தான் இருந்தார். பையைப் பார்த்தார்.

"எங்கே பயணம், மேனேஜரே?"

"தலைநகரத்துக்கு. மகன் வீட்டுக்கு."

"எப்போ திரும்புவீர்?"

"திரும்பலை, மாலம். என் உழைப்பெல்லாம் மணல்ல ஊத்தின தண்ணியாப் போச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். இருந்த இடம் தெரியாமப் போற ஒண்ணை ஏன் என் கையால கட்ட வெச்சான் ஆண்டவன்?"

மாலம் காதைக் குடைந்துகொண்டார்.

"அதை அப்புறம் பார்க்கலாம். எனக்கு ஒரு மூட்டை விதைக் கம்பு வேணும். கடனா வாங்கிட்டு வாரும்."

"வங்கிதான் மூடியாச்சே."

"அதனாலதான் உம்மைக் கேக்குறேன். திறந்திருந்தா நானே போயிருப்பேனே."

குரு சொன்னால் மறுபேச்சு இல்லை. ஹருணா பையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

முதலில் பவா கடை. கூரையைத் தொடும் அளவுக்கு மூட்டைகள். பவா மட்டும் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேனேஜர். உங்க கடை மூடினா என் கடை நிறையும்னு நம்பி, இருந்த ஒட்டகத்தை வித்துச் சரக்கு போட்டேன். ஒரு பொம்பளையும் எட்டிப் பார்க்கலை. என்ன மாயம் பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"உங்களுக்காவது ஒரு மூட்டை தரட்டுமா? பழைய கணக்குதான். ஒண்ணுக்கு மூணு."

ஹருணா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். இங்கே வராதவர்கள் எங்கேதான் போகிறார்கள்?

கடலை எண்ணெய் ஆட்டும் தேலு வீட்டு முற்றத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மண்ணால் கட்டிய புதுக் குதிர், ஆள் உயரத்துக்கு மேலே. வங்கி திருப்பிக் கொடுத்த சேமிப்பை ஒன்றாகப் போட்டு, விலை ஏறுவதற்கு முன்பே விதை வாங்கி அதில் கொட்டியிருந்தார்கள்.

"வாங்க மேனேஜர்" என்றாள் தேலு. "உயிரோடதான் இருக்கீங்களா? இதோ இந்தக் கந்தே, நீங்க போய்ட்டீங்கன்னு ஒரு மூச்சு அழுதுகூட முடிச்சிட்டா."

"ஒரு மூட்டை விதை வேணும். கடனா."

 வட்டம் விலகி ஒரு ஆளுக்கு இடம் விட்டது. ஹருணா மணலில் உட்கார்ந்தார்.

"யாருக்கு?" என்றாள் தேலு.

"மாலமுக்கு."

"வாங்குற ஆள்தான் வரணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. உங்க பேருக்குக் கேக்குறதுன்னா கேளுங்க."

"சரி. என் பேருக்கு."

"எதுக்கு?"

"விதைக்க."

"எப்போ திருப்புவீங்க?"

"அறுவடைக்கு."

"மழை பொய்ச்சா?"

இந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார். பதில் சொல்லும் பக்கம் உட்கார்ந்தால் இது இவ்வளவு பெரிய கேள்வி என்று இப்போதுதான் தெரிந்தது. மணலில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

கந்தே எழுந்துபோய் ஒரு அகப்பை கம்பங்கூழ் கொண்டுவந்து நீட்டினாள். "சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"குடிங்க. குடிச்சிட்டுச் சொல்லுங்க. அவசரம் இல்லை."

குடித்தார். தயிர் விட்ட கூழ், தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கியது. காலி அகப்பையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களுக்காக நிக்க நாலு பேர் யார்?" என்றாள் தேலு.

 ஊரில் அவருக்குக் கடன்பட்டவர்கள் உண்டு. கூட நிற்கும் ஆள் யார் என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை.

"சாயங்கால பஸ்ல போறீங்களாமே. ஓடுற ஆளுக்கு எப்படிக் கொடுக்கிறது?"

"தேலு, இது மாலமுக்காக. கொஞ்சம் தயவு பண்ணு."

"முதல் தடவை நான் அழுதுக்கிட்டு வந்தப்போ என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? கண்ணீரை வாங்கி வெச்சுக்க எங்கிட்டப் பெட்டி இல்லைன்னீங்க. அன்னைக்கு உங்களைத் திட்டிக்கிட்டே போய் நாலு பேரைத் தேடினேன். அந்த நாலு பேரும் இதோ உட்கார்ந்திருக்காங்க. நீங்களும் தேடிட்டு வாங்க. குதிர் எங்கேயும் போகாது."

பெண்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்புதான், ஆனால் அதில் அவருக்கும் ஒரு பங்கு வைத்திருந்தார்கள்.

வெறுங்கையோடு திரும்பினார். மாலம் பையின் மேல் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"விதை எங்கே?"

"தரலை."

"ஏன்?"

"என் கேள்வியை எங்கிட்டயே கேட்டாங்க, மாலம். ஒண்ணையும் விடலை. வரிசைகூட மாறலை. அதுக்கு நடுவுல நான் கேட்காத ஒண்ணையும் சேர்த்திருக்காங்க."

"என்னது?"

"சாப்பிட்டீங்களான்னு."

மாலம் எழுந்து உட்கார்ந்தார். "அது நல்ல கேள்வி."

"நாலு பேரைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு ஆள்கூட இல்லை."

சந்தைப் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. மறுபடியும் கேட்டது. ஹருணா பையைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார். கூழ் குடித்த வாயில் இன்னும் தயிரின் புளிப்பு இருந்தது.

மாலம் தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நாலுல ஒண்ணு நான். மிச்சம் மூணு பேரை நீர் தேடும். அந்த பஸ் டிரைவரை மட்டும் கேட்டுடாதீர், மேனேஜரே. அவன் ஒரு ஊர்லயும் தங்காதவன்."