கடிகாரத்தின் விலை ஒரு கை, ஒரு கால்

மருதங்காட்டுப் பாளையத்தை ஆண்ட கொண்டம நாயக்கருக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் போதும், வாய் முந்திக்கொள்ளும். பார்க்கின்ஸ் என்ற வெள்ளைக்கார வியாபாரி சபைக்கு ஒரு கடிகாரம் கொண்டுவந்தார். அதிலிருந்து ஒரு மரக்குருவி எட்டிப் பார்த்துக் கூவியது.

"என்ன விலையானாலும் கொடுக்கிறேன்!" என்றுவிட்டார் ராஜா.

அந்த அளவுக்குத் துரைக்குத் தமிழ் தெரியும்.

கஜானாவில் இருந்ததோ பெரிய ஏரியின் உடைந்த மதகைக் கட்ட ஒதுக்கிய பணம் மட்டுமே. அது போனால் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் இல்லை. துரையின் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லும் துபாஷி சோலையப்ப முதலியாருக்கு இது தெரியும். முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை.

துரை சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் ராஜா.

"மழை நாளுக்கென்று பணம் வைத்திருப்பீர்களே, அதை எடுங்கள் என்கிறார்."

"மதகுப் பணத்தையா? இவருக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை மகாராஜா. கஷ்டகாலத்துக்குச் சேர்த்து வைப்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் மழை பெய்வதுதான் கஷ்டகாலம்."

ராஜாவுக்கு அது விளங்கவில்லை. "சரி, விலையைக் கேளும்."

முதலியார் கேட்டார். துரை மீசையைத் தடவியபடி பதில் சொன்னார். விலை எக்கச்சக்கம் என்பதுதான் அதன் பொருள். முதலியாருக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்.

"ஒரு கையும் ஒரு காலும் மகாராஜா."

தளவாய் வாளில் கை வைத்தார்.

"யாருடையது?" என்றார் ராஜா.

"அதை அவர் சொல்லவில்லை."

முதலியார் துரையின் பக்கம் திரும்பி, "சபையறிய இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். துரை உற்சாகமாக அதையே சொன்னார்.

மாரியம்மன் கோயில் வாசலில், நேர்த்திக்கடன் செலுத்துவோருக்காக வெள்ளித் தகட்டில் கை, கால் செய்து விற்பார்கள். முதலியார் ஆளனுப்பி ஒவ்வொன்று வாங்கிவரச் சொன்னார். தட்டில் வைத்துத் துரையிடம் நீட்டினார். இரண்டும் சேர்ந்து ஒரு வெற்றிலையின் கனம்கூட இல்லை.

துரையின் முகம் சிவந்தது. "இதென்ன அநியாயம்! நான் பேச்சுக்குச் சொன்னேன்!"

"அப்படியா? எங்கள் ராஜா 'என்ன விலையானாலும்' என்றதும் பேச்சுக்குத்தான். இரண்டையும் விட்டுவிடுவோம். இனி நியாயமான விலை பேசலாமா?"

துரை கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். மூட்டைக்குள் குருவி ஒருமுறை கூவியது. ராஜா பெருமூச்சு விட்டார்.

"போகிறபோது என்னவோ முணுமுணுத்தாரே?"

"பணம் பேசும் என்றார் மகாராஜா. காசுள்ளவன் சொல்தான் எடுபடும் என்று அர்த்தம்."

ராஜா மடியிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "ஒன்றும் பேசக் காணோமே?"

"ஒற்றைக்காசு பேசாது மகாராஜா. அதற்குத் துணை வேண்டும்."

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு பணப்பையையே நீட்டினார். முதலியார் அதை வாங்கிக் காதருகே குலுக்கினார்.

"என்ன சொல்கிறது?"

"'சாப்பாட்டு நேரமாகிவிட்டது சோலையப்பா, வா வீட்டுக்குப் போகலாம்' என்கிறது."