முதுகுப் பக்கத்துக் கொக்கிகள்

பாளையங்கோட்டையில் சகாயமேரியிடம் கணினியில் படம் வரையப் படித்தவர்களில் வாய்க்காரி என்றால் இளவெயினிதான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மாணவி.

ஒரு நாள் மத்தியானம் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அக்கா, ஒரு படத்தை அழிக்கப் போறேன்."

டிராகன்கள் வரும் ஒரு மாயத் தொடரின் ராணி அது. மற்ற ரசிகர்கள் எல்லாம் தங்கள் படங்களில் அவளைப் பனிமலை மேல் அரைக் கவசத்தில் நடுங்கவிட்டிருந்தார்கள். இளவெயினி கழுத்திலிருந்து முழங்கால் வரை இரும்பு போட்டுப் பக்கவாட்டில் நிறுத்தினாள். ராணி போருக்குப் போகிறாளா, வெல்டிங் பட்டறைக்கா என்று ரசிகர் குழுவின் அட்மின் கேட்டான். பட்டறை என்றால் கேவலமா என்று தொடங்கி இவள் பத்தொன்பது பதில் போட்டாள். குழுவின் இணையக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப அன்று மாலை ஆறு மணி கடைசி.

"வாதத்துல நான்தான் ஜெயிச்சேன். படத்தைப் பார்த்தா பீரோ மாதிரி நிக்கிறா. ஏன்க்கா?"

சகாயமேரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கொக்கியெல்லாம் முதுகுல இருக்கே. யார் மாட்டிவிட்டது?"

"அவளேதான். அவ யார் கையையும் எதிர்பார்க்கிறவ இல்ல."

சகாயமேரி ஆணியில் தொங்கிய மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் பின்னால் வரும்படி போட்டு, பட்டனைத் தானே மாட்டச் சொன்னார்.

இளவெயினி ஒரு பட்டனை மாட்டினாள். அடுத்தது கைக்கு எட்டவில்லை. அறையைக் கூட்ட வந்த பேச்சியம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து மளமளவென்று மாட்டினார்.

"ஒரு வார்த்தை கூப்பிட்டா வாய் தேஞ்சா போயிரும்? நேரா நில்லு பிள்ள."

இளவெயினி கோட்டோடு உட்கார்ந்து, ராணிக்குப் பின்னால் ஒரு பணிப்பெண்ணை வரைந்தாள். குனிந்த தலை, கிழிந்த உடை, கன்னத்தில் கண்ணீர். கூடவே உழைக்கும் பெண்களின் துயரம் பற்றி நீளமாக ஒரு விளக்கமும் சொன்னாள்.

சகாயமேரி திரையைப் பேச்சியம்மா பக்கம் திருப்பினார்.

"இவ ஏன் அழுதுகிட்டு நிக்கா?" என்றார் பேச்சியம்மா.

"அவ நிலைமை அப்படி."

"கண்ணு பூரா தண்ணியா இருந்தா கொக்கி எப்படித் தெரியும்?"

இளவெயினி பேச்சியம்மா பக்கம் திரும்பினாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ராணியை ஏசுவேன் என்றார் பேச்சியம்மா. சண்டைக்குப் போகிற அன்றைக்கும் இப்படியா உடம்பை உப்பிக்கொண்டு நிற்பாய், வயிற்றை எக்கு என்று ஏசுவாராம்.

ஐந்தரை மணிக்குப் படத்தில் பணிப்பெண் நிமிர்ந்திருந்தாள். பல்லில் கவசத்தின் ஒரு தோல்வாரைக் கடித்துக்கொண்டு, முழங்காலை ராணியின் இடுப்பில் ஊன்றி இன்னொரு வாரைக் கொக்கிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். ஏச்சு வாங்கிய ராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு எக்கி நின்றாள். இரும்புக்குள் ஆள் வந்துவிட்டாள்.

இளவெயினி படத்தை அனுப்பினாள். கண்காட்சியில் படம் ஏறியது. கீழே அட்மின் ஒரு வரி எழுதியிருந்தான்.

"இதுல ராணியைவிட வேலைக்காரிக்குத்தான் திமிர் ஜாஸ்தி."

திமிர் என்று யாரைச் சொல்கிறாய் என்று இளவெயினி தட்டத் தொடங்கினாள்.

"விடு பிள்ள" என்றார் சகாயமேரி. "அவ முகத்தை அவன் பார்த்துட்டான்."