அப்பக்காரியின் உரலும் அரசரின் சுவரும்

இந்தக் கதையை நான் எங்கும் படிக்கவில்லை. வாடகைக்கு அறை தேடிப் போன ஒரு வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார். அவருக்கு அவருடைய மாமனார் சொன்னாராம். நாட்டின் பெயர் இருவருக்குமே நினைவில்லை, அதனால் நானும் பெயர் எதுவும் வைக்கவில்லை.

வெகு காலத்துக்கு முன், ஓர் ஆற்றங்கரை நாட்டை விடங்கவர்மன் என்ற அரசர் ஆண்டுவந்தார். காலையில் ஒருவருக்குப் பட்டு போர்த்துவார், மாலையில் அவரையே நாடு கடத்துவார். கடைவீதியில் அவருக்குச் சொந்தமாக இருபது வீடுகள், எல்லாம் வாடகைக்கு விட்டவை. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் கோளரியார் என்ற அரண்மனை அதிகாரி.

அதில் ஒரு வீட்டில் காத்தாயி என்ற அப்பக்காரி குடியிருந்தாள். கூட அவள் மகள், நிறைமாதம். அமைச்சர் அம்பலவர் சொல்லித்தான் அந்த வீடு கிடைத்தது. கோளரியாருக்கு அதுவே உறுத்தல். தன் வீதியில் அமைச்சர் பேச்சு எடுபடுவதா?

ஐப்பசி அடைமழையில் காத்தாயி வீட்டு வெளிச்சுவரின் வெள்ளைப் பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு தெரிந்தது. மறுநாள் அந்த வழியாக வந்த அரசர் பல்லக்கை நிறுத்தினார்.

"என் சுவரைப் பிளந்தது யார்?"

கோளரியார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்த அப்பக்காரிதான், அரசே! விடிந்தால் அரிசி இடிக்கிறாள். உரல் அதிர்ந்து சுவர் பிளந்துவிட்டது. அமைச்சர் பிடித்துவந்த குடித்தனம் வேறு எப்படி இருக்கும்?"

"பொழுது சாய்வதற்குள் இவள் குடும்பத்தோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும்!"

ஆறு இரு கரையும் முட்டி ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு இன்றோ நாளையோ வலி எடுக்கும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். காத்தாயி சபைக்கு ஓடிப்போய் அமைச்சர் முன் கை கூப்பினாள்.

"உண்மையைச் சொல்லம்மா, நீ பிளந்ததுதானா?"

"எனக்கே தெரியலையே சாமி. குடிவந்த அன்னைக்குச் சுவரு பால் மாதிரி இருந்துச்சு. தினமும் இடிக்கிறது நெசம். அதுலதான் பிளந்துச்சோ என்னவோ." இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அமைச்சர் அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தார். "மாவா?"

"இல்ல சாமி, அந்தப் பிளவுல விரலை விட்டுப் பார்த்தேன்."

அமைச்சர் அரசரிடம் திரும்பினார். "அரசே, இவளை ஆற்றைத் தாண்ட வைத்தால் போதாது."

காத்தாயி அமைச்சரை நிமிர்ந்து பார்த்தாள். இவரும் கைவிட்டுவிட்டாரா?

"கண்ணில் பட்டது ஒரு பிளவு. இவள் பூசி மறைத்தவை எத்தனையோ! கோளரியார் எங்கே கவனித்தார்? சாவியைக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது."

"யார் கவனிக்கவில்லை?" கோளரியார் துள்ளினார். "இவள் வருவதற்கு முந்தின நாள் நானே நின்று இரண்டு பூச்சு வெள்ளையடிக்க வைத்தேன். அன்று சுவரில் மயிரிழைக் கீறல்கூட இல்லை!"

"பிறகு இவள் பூசியிருந்தால்?"

"எதை வைத்துப் பூசுவாள்? நான் நினைத்த நேரத்தில் உள்ளே போவேன், கதவைத் தட்டுவதுகூடக் கிடையாது. அடுப்படி, அரிசிப் பானை, துணிமூட்டை, எதையும் விடமாட்டேன். சுவரில் கறை படும் என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக்கூட வாசலிலேயே வாங்கி எறிந்திருக்கிறேன்!"

"அது நெசம்தான் மகராசா," என்றாள் காத்தாயி. "மக குளிக்கிறப்பகூட உள்ள வந்துட்டாரு."

கோளரியாரின் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்த சபையினர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு தரம் சுவரைப் பார்த்துவிடலாம், அரசே," என்றார் அமைச்சர். "இவள் பிளந்தது என்றால் இவளோடு நானும் ஆற்றைத் தாண்டுகிறேன்."

வெயில் மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அமைச்சர் காத்தாயியின் உலக்கையை வாங்கி, பிளவுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் ஓங்கி இடித்தார். சுவர் விண்டது.

"என்னய்யா செய்கிறீர்? என் சுவர்!" என்று கத்தினார் அரசர்.

"இது இப்போது பிளந்தது, அரசே. இந்தக் கம்பியை உள்ளே விட்டு இழுங்கள்." அது அப்பம் எடுக்கும் இரும்புக் கம்பி. அரசர் விட்டு இழுத்தார். சிவப்பாகச் செங்கல் தூள் வந்தது.

"துடைத்துவிட்டுப் பழைய பிளவில் விடுங்கள்."

அரசர் கம்பியைச் சுரண்டிச் சுரண்டி இழுத்தார். வெள்ளை. அடிவரை சுண்ணாம்பு அப்பிக் காய்ந்திருந்தது.

"வெள்ளையடித்த பிறகு பிளந்த சுவர் என்கிறார் கோளரியார். அப்படியானால் பிளவுக்குள் சுண்ணாம்பு எப்படிப் போனது?" என்று கேட்டார் அமைச்சர்.

"இ... இவளே அடைத்திருப்பாள்..."

"வெற்றிலைச் சுண்ணாம்புகூட உம்மைத் தாண்டவில்லை என்றீரே!" அரசர் முதல் தடவையாகச் சிரித்தார். "பழைய பிளவை வெள்ளையடித்து மறைத்தீர். பழியை இவள் உரல்மேல் போட்டீர். மழை விடும்வரை இந்த வீட்டில் நீரே குடியிரும். நினைத்த நேரத்தில் நான் வருவேன். கதவைத் தட்டமாட்டேன். அதுவரை உம்முடைய மாளிகை காத்தாயிக்கு. உரலையும் உம் ஆட்களே தூக்கிப் போகட்டும்."

பிறகு அமைச்சருக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, "இனி இந்த வம்பு வராமலிருக்க என்ன வழி?" என்று கேட்டார்.

"வெள்ளையடிப்பதற்கு முன், வீட்டை விடுகிறவரும் குடிவருகிறவரும் சேர்ந்து சுற்றிப் பார்க்க வேண்டும், அரசே. கண்ட கீறலை இரண்டு ஓலையில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். பழுதை மழைக்கு முன்பே அடைக்க வேண்டும். உள்ளே வருவதென்றால் முந்தின நாளே சொல்லி அனுப்ப வேண்டும்."

பொழுது சாய்ந்தபோது ஆற்றில் படகு இறங்கவில்லை. கோளரியாரின் மாளிகையில் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

நான் தேடிப் போன அறை எனக்கே கிடைத்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு கீறல் இருந்தது. பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன் அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். பிறகு சாவி நுனியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தேன். அடிவரை வெள்ளைதான்.