பெல்டன் துரையின் எண்ணெய்க் குளியல்

ஆவரங்கோட்டை ராஜா வல்லபராயருக்கு அன்று காலையில் தோசை இறங்கவில்லை. அவருக்கே தோசை இறங்கவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

காரணம், சீமையிலிருந்து வந்திருந்த பெல்டன் துரை. ஒரு நாட்டின் செல்வம் எப்படி வளர்ந்தது என்று சரித்திரம் எழுதும் பண்டிதர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது கிழக்கிந்தியக் கும்பினியார். சபையில் தம் புத்தகத்தை விரித்து அவர் வாசித்தார்:

"ஆவரங்கோட்டைப் பெரிய ஏரியால் முன்பு ஒரு நெல்மணியும் விளையவில்லை. கும்பினியார் கைவைத்த பிறகே ஒருபோகம் விளைகிறது. ஆகவே ஏரி கும்பினியாருக்கே உரியது. ராஜா, முத்திரை இடுங்கள்."

ராஜா முத்திரையைத் தொடவில்லை. ஏரி போனால் ஊரே தண்ணீருக்குக் கையேந்த வேண்டும். மாட்டேன் என்றாலோ பீரங்கி வரும்.

"துரை, அந்த ஏரியில இருபோகம் விளைஞ்சுதே! சண்டையில உங்க பட்டாளம்தானே கரையை வெட்டிவிட்டுது?"

"அது முன்பு. என் சரித்திரம் கரை உடைந்த மறுநாள் தொடங்குகிறது" என்றார் துரை, கொஞ்சமும் கூசாமல்.

மந்திரி அம்பலவாணப் பிள்ளை நடுவில் புகுந்தார். "அருமையான புத்தகம்! முத்திரை போட்டுடலாம் மகாராஜா. முதல்ல துரைக்கு விருந்து. ஆனா துரை, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்காம எங்க அரண்மனையில விருந்தாளி இலையில உட்காரக் கூடாது."

ராஜா பல்லைக் கடித்தார். இந்தப் பிள்ளையும் விலைபோய்விட்டாரா?

அரண்மனைக் குளத்தில் துரைக்குத் தலை நிறைய நல்லெண்ணெய், கண் நிறைய சீயக்காய். "ஐயோ, கண்! கண்!" என்று முங்கி எழுந்து பார்த்தால், சட்டையைக் காணோம். கால்சட்டை, தொப்பி, பூட்ஸ் எதையுமே காணோம். படியில் பிள்ளை ஒரு சின்னத் துண்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் ராஜாவும் சபையும்.

கழுத்தளவு தண்ணீரில் நின்று துரை கத்தினார்: "என் உடைகள் எங்கே?"

"உடையா? துரைக்கு ஏது உடை? எங்க ராஜா புண்ணியத்துல இப்பத்தான் ஒரு துண்டு கிடைக்குது. எவ்வளவு முன்னேற்றம்! ஆகவே நீங்க எங்க ராஜாவுக்கே சொந்தம்."

"பொய்! கம்பளிச் சட்டை இருந்தது! பட்டில் கழுத்துத்துணி இருந்தது!"

"அதெல்லாம் முன்னாடி. என் சரித்திரம் நீங்க முங்கி எழுந்ததும்தான் ஆரம்பம்."

"முன்பு என்ன இருந்தது, அதை யார் எடுத்தார்கள் என்று முதலில் எழுத வேண்டாமா? அதுதானே நியாயம்!"

ராஜா சிரித்த சிரிப்பில் குளத்து வாத்துகள் கரையேறின. "துரை, நீங்க இப்ப சொன்ன நியாயத்துக்கு வேணா இப்பவே முத்திரை போடறேன்!"

பிள்ளை துரையின் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார். வேறு வழியில்லை. இருபோகத்தையும், பட்டாளம் கரையை வெட்டியதையும், தண்ணீரில் நின்றபடியே துரை தம் கையால் முதல் பக்கத்தில் எழுதி, ஏரி கும்பினியாருக்கே என்ற வரியை அடித்தார். ராஜா முத்திரை வைத்தார். உடைகள் வந்தன. ஏரி ஊருக்கே மிஞ்சியது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டார். துரைக்குத்தான் முகம் தொங்கிவிட்டது.

"இதைப் படித்தால் கும்பினியார் என் உத்தியோகத்தைப் பிடுங்கிவிடுவார்கள். கட்டிய துணிகூட எனக்கு மிஞ்சாது."

பிள்ளை அந்தத் துண்டை அழகாக மடித்து அவர் கையில் வைத்தார்.

"அப்போ இதையும் வச்சுக்குங்க, துரை. அன்னைக்கு இது நிஜமாவே முன்னேற்றம்."