ஒரு குறையும் இல்லாத ராசா

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தான், வீரகேசரின்னு பேரு. தன் நாட்டுல ஒரு குறையும் இல்லைன்னு அவனுக்குப் பெருமைன்னா அப்படி ஒரு பெருமை. அதுக்காக என்ன பண்ணுனான், எவனாவது குறைன்னு வாயைத் தொறந்தா நாடு கடத்திருவேன்னு தண்டோரா போட்டுட்டான். அப்புறம் யாரு சொல்லுவா? கஞ்சிக்கு இல்லாதவனைக் கேட்டாலும் "ஒரு குறையும் இல்லைங்க", காலு ஒடிஞ்சு கெடக்குறவனைக் கேட்டாலும் "ஒரு குறையும் இல்லைங்க". சிரிக்காதடி, நேத்து முட்டியில ரத்தம் வழிய வந்து நின்னு ஒண்ணுமில்லைன்னு சொன்னவதானே நீ.

அந்த ராசாவுக்கு ஒரே மக, பேரு மாதரசி. சின்னப் புள்ள. அது திடீர்னு சாப்பாட்டை விட்டுருச்சு. பால் குடுத்தா தள்ளிவிடுது, பழம் குடுத்தா தள்ளிவிடுது, பஞ்சு மாதிரி இட்லி குடுத்தாலும் தள்ளிவிடுது. "என்னம்மா செய்யுது?"ன்னு ராசா கேட்டா, "ஒரு குறையும் இல்லப்பா"ங்குது. வைத்தியருங்க வந்து நாடி பிடிச்சுப் பாத்தாங்க. ராசா வீட்டுப் புள்ளைக்குக் குறைன்னு சொல்லிட்டு எங்க போய்ப் பொழைக்கிறது? அவங்களும் "ஒரு குறையும் இல்லைங்க மகாராசா"ன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. புள்ள எலும்பும் தோலுமா ஆயிருச்சு.

நாட்டு எல்லைக்கு அந்தாண்ட ஒரு மலை, மலை மேல ஒரு கோயில். அதுக்குப் பூட்டும் கெடையாது, பூசாரியும் கெடையாது, ஒரே ஒரு கல்லுக்கதவு. முன்னாடி போய் நின்னா உள்ளேருந்து சாமி "என்ன குறை?"ன்னு கேக்கும். சரியாச் சொன்னா கதவு தொறக்கும். புள்ளையைக் காப்பாத்தணுமேன்னு ராசா அங்க போனான்.

"என்ன குறை?"ன்னுச்சு சாமி.

ராசாவுக்கு நாக்கு பழகிப்போச்சுல்ல, "எனக்கு ஒரு குறையும் இல்லை"ன்னுட்டான்.

"அப்ப இங்க என்ன வேலை? வீட்டுக்குப் போ"ன்னுச்சு சாமி. கதவு அசையல.

அந்த நேரம் பாத்து ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கிட்டு வாரா. ஒச்சாயின்னு பேரு, தொட்டதுக்கெல்லாம் அழுவா, ஊரே அழுமூஞ்சின்னுதான் கூப்பிடும். கூரை ஒழுகுதுன்னு அழுததுக்கு இதே ராசா நாடு கடத்துனவதான் அவ. கதவுகிட்ட என்னமோ முணுமுணுத்தா, கதவு தொறந்துருச்சு, உள்ள போனா, கும்பிட்டா, வெளிய வந்துட்டா. ராசாவுக்குத் தலை வெடிச்சுரும் போல ஆயிருச்சு.

"ஏம்மா, என்ன மந்திரம் சொன்ன?"

"இது உங்க எல்லை இல்லை, அதனால சொல்றேன் மகாராசா. மந்திரமெல்லாம் நமக்கு வராது. காலையில மருமவளை வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டேன். வையக்கூடாதுன்னுதான் நெதமும் நெனைக்கிறேன், முடியல. அந்தக் குறையைத்தான் சொன்னேன்."

இவ்வளவுதானா சங்கதின்னு ராசா கதவு முன்னாடி போய் நின்னான். "காலையில மருமவளை வஞ்சுட்டேன்"னான்.

"உனக்கேது மருமவ?"ன்னுச்சு சாமி.

ராசா யோசிச்சு, "என் சனங்களுக்கு நன்றி போதல, அதுதான் குறை"ன்னான்.

"அது அவங்க குறை. உன் குறை என்ன?"

ராசா அப்படியே படியில உக்காந்துட்டான். புள்ளையோட கண்ணு ரெண்டும் உள்ள போய்க் கெடந்தது நெனப்புக்கு வந்துச்சு, அவனுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. "எம் புள்ள செத்துருவா சாமி. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. பேருதான் ராசா, அவளுக்கு எங்க வலிக்குதுன்னுகூடத் தெரியாதவன் நான்"னான்.

கதவு தொறந்துருச்சு.

உள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்குறீங்கல்ல? ஒரு கல்லும் ஒரு அகல்விளக்கும்தான். சாமி குரல் மட்டும் அவன் காதுகிட்ட கேட்டுச்சு. "எங்கிட்ட சொன்னியே, அதையே போய் உம் மககிட்ட சொல்லு."

ராசா ஓடுனான். கட்டில்கிட்ட உக்காந்து, "மாதரசி, அப்பாவுக்குப் பயமா இருக்குடா. எனக்கு நெறையக் குறை இருக்கு. உனக்கு?"ன்னான்.

புள்ள அவன் மொகத்தையே உத்துப் பாத்துச்சு. "சொன்னா என்னை நாடு கடத்த மாட்டீங்களேப்பா?"ன்னுச்சு.

அவன் புள்ளையை அள்ளி மடியில போட்டுக்கிட்டான். "மாட்டேன்டா"ன்னான்.

"பல்லு வலிக்குது."

அவ்வளவுதான், ஒரு பூச்சிப்பல்லு. பிடுங்குனாங்க, சாயங்காலமே புள்ள கஞ்சி குடிச்சுருச்சு.

ராசா செஞ்சதுக்கு அவனைச் சும்மா விடலாமா? அந்தத் தண்டோராவை நிறுத்தி, நாடு கடத்துனவங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு, அன்னையிலேருந்து அரண்மனை வாசல்ல உக்காந்து வாரவங்ககிட்டயெல்லாம் "என்ன குறை?"ன்னு கேக்க வேண்டியதாப் போச்சு. மொத ஆளா வந்து நின்னவ யாரு? ஒச்சாயி. காலையில ஆரம்பிச்சவ விளக்கு வெக்குற வரைக்கும் நிறுத்தல. ராசாவும் எந்திரிக்கல.

அவ குறையும் தீந்துச்சு, என் கதையும் தீந்துச்சு, படுங்க. ஏய், போர்வைக்குள்ள யாரு விசும்புறது? ஒண்ணுமில்லையா? நான் ராசா இல்லடி, சொல்லு.